எட்டு ஆண்டு ஓடிய வாட்டர் ஹீட்டர் சொட்டுகிறது: பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

எட்டு ஆண்டுகளாக ஓடும் 25 லிட்டர் மின்சார வாட்டர் ஹீட்டர் அடியில் சொட்டுகிறது, சூடாகும்போது உள்ளே சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்கிறது, வெந்நீர் கிடைக்க முன்பைவிட நேரமாகிறது, பார்க்க வந்த மெக்கானிக்கோ புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்பதா, பழுது பார்த்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன் அல்லன். ஆனால் நல்ல ஹீட்டர் ஒன்றை என் அறியாமையால் பாழாக்கி, அதற்குப் பின் வந்ததை ஆண்டுக்கு ஒருமுறை என் கையாலேயே திறந்து மூடிவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். டேங்க் ஓட்டையாகிவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை. டேங்க் நன்றாக இருக்கும்வரை மற்றவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடிய உதிரிபாகங்கள்தாம்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டரின் அடிப்பக்கம் முழுவதையும் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்து, ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனால் ஈரம் தொடங்கும் இடம் பிடிபட்டுவிடும். குளிர்ந்த நீர் உள்ளே வரும் குழாயில் பொருத்தியிருக்கும் சேஃப்டி வால்வின் சிறு மூக்கிலிருந்து வரலாம். குழாய் இணைப்புகளிலிருந்து வரலாம். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் தெரியும் வட்டத் தகட்டின், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் காயிலைத் தாங்கியிருக்கும் ஃபிளேன்ஜின், ஓரத்திலிருந்து வரலாம். அல்லது இவை எல்லாம் காய்ந்திருக்க, வெளி உறைக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து துரு நிறத்தில் கசியலாம். கடைசியாகச் சொன்னதுதான் டேங்க் ஓட்டை. அது உறுதியானால் மெக்கானிக் சொன்னது சரி. பற்றவைத்துத் தருகிறேன், பசை பூசித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் உள்பூச்சு போன டேங்க் ஓரிடத்தில் அடைத்தால் வேறோர் இடத்தில் அரிக்கும்.

சேஃப்டி வால்வில் சொட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் ஹீட்டர் மாற்றுகிறவர்களும் உண்மையான ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் விரிகிறது. 25 லிட்டர் டேங்கில் அது சுமார் 400 மில்லி, இரண்டு தம்ளர் அளவு. அந்த வால்வுக்குள்ளேயே தண்ணீர் பின்னோக்கிப் போகாதபடி தடுக்கும் அமைப்பும் இருப்பதால், விரிந்த தண்ணீருக்கு அந்த மூக்கைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே ஹீட்டர் ஓடும்போது மட்டும் சொட்டி, சூடாகி முடிந்ததும் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இரவும் பகலும் சொட்டினால் வால்வுக்குள் உப்புத் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். வால்வை மாற்றிப் பார்க்கலாம், அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேர்க்கலாம். எதைச் செய்தாலும் அந்த மூக்கை மட்டும் அடைக்காதீர்கள். வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் காப்பாற்ற இருக்கும் வெப்பத் துண்டிப்பானும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போனால், அடைபட்ட டேங்கில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் நிற்கும். டேங்க் பிளக்கும் அந்தக் கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகித் தன் கன அளவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக விரியும். வால்வின் மூக்கில் மரத்துண்டைச் செருகி வைத்திருந்த ஒரு குளியலறையை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் குளிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஃபிளேன்ஜ் ஓரத்தில் கசிந்தால் காஸ்கெட் எனப்படும் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டு விரிசல் விட்டிருக்கிறது. புதிய வளையம் போட்டு, போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போகாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால் நின்றுவிடும். குழாய் இணைப்பில் கசிவது இதைவிட எளிய வேலை.

அடுத்தது நேரம். கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். 2,000 வாட் காயில், 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரம் எடுத்தே தீரும். வரும் தண்ணீர் 15 டிகிரியாக இருந்தால் ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். குளிர்காலத்தில் பலரும் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான். மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும்: 230 வோல்ட்டுக்குச் செய்த காயிலுக்கு 200 வோல்ட் மட்டுமே வந்தால் 2,000 வாட் 1,500 வாட்டாகச் சுருங்கிவிடும், அரை மணி நேரம் 40 நிமிடமாகும். காயிலில் படிந்த உப்புதான் தாமதத்துக்குக் காரணம், மின்கட்டணம் ஏறுவதும் அதனால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை முழுமையாக ஏற்பதில்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் வெப்பம் வேறு எங்கே போகும்? உப்புப் போர்வையைத் தாண்டி மெதுவாகவேனும் அது தண்ணீருக்குத்தான் வந்து சேரும். அந்தப் போர்வை செய்யும் உண்மையான தீங்கு, வெப்பம் எளிதில் வெளியேற விடாமல் காயிலையே அளவுக்கு மீறிச் சூடாக்கி, அதன் உறையை வெடிக்கச் செய்வதுதான். நீங்கள் கேட்கும் சரளைக்கல் சத்தமும் அங்கிருந்து வருவதே: படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்துக் குமிழியாக வெடிக்கிறது. நேரம் சரியாக இருந்தும் வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றால், தெர்மோஸ்டாட் முன்னதாகவே துண்டிக்கிறதா என்றும், டேங்குக்குள் உச்சிவரை நிற்கும் வெந்நீர்க் குழாய் நடுவில் அரித்துப்போய்க் குளிர்ந்த நீரையும் சேர்த்து இழுக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நான் பாழாக்கிய ஹீட்டரின் கதை. வாங்கிய மூன்றாம் ஆண்டில் காயில் போயிற்று. வந்தவர் புதிய காயில் போட்டார். ஐந்தாம் ஆண்டில் மீண்டும் போயிற்று. வேறொருவர் வந்து இன்னொரு காயில் போட்டார். இருவருமே பழைய காயிலை என் கையில் கொடுத்து, பாருங்கள், எவ்வளவு உப்பு என்று காட்டினார்கள். அது பழுப்பு வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் கல்லில் புதைத்து எடுத்தது போல இருந்தது. அதே ஃபிளேன்ஜில் அதற்குப் பக்கத்திலேயே வெறும் கம்பியாக நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதுதான் ஆனோட் ராடு. முதலில் விரல் பருமனான மெக்னீசியத் தண்டாக இருந்தது, கரைந்து முடிந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்திருக்கிறது. அடுத்த ஆண்டே டேங்க் கசியத் தொடங்கியது.

அந்தத் தண்டு ஏன் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. எஃகு டேங்கின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு பூசியிருப்பார்கள். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் இருக்கும், அவற்றின் வழியே தண்ணீர் எஃகைத் தொடும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதில் அரிபடும் உலோகம் என்பதால், இரண்டும் ஒரே தண்ணீரில் மின்தொடர்போடு இருக்கும்போது அரிப்பைத் தானே ஏற்றுக்கொண்டு எஃகைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்த நாளிலிருந்து டேங்கின் முறை தொடங்கிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதை வெளியே எடுத்துப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். ஹீட்டரிலேயே மலிவான உதிரிபாகங்களில் இது ஒன்று. காயிலைப் போலப் போனவுடன் தண்ணீர் குளிர்ந்துவிடாததால் யாரும் இதைத் தேடுவதில்லை.

திறந்து பார்க்கும் வேலையை நீங்களே செய்தாலும் ஆள் வைத்துச் செய்தாலும் வரிசை தவறக்கூடாது. மின்சாரத்தை மெயினிலேயே துண்டித்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, உள்வரும் குழாயை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் டேங்க் காலியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். செங்குத்தாகச் சுவரில் மாட்டிய ஹீட்டரில் வெந்நீர் உச்சியிலிருந்து எடுக்கப்படுவதால் அந்த வழியாக டேங்க் வடியாது. அதைக் காற்று நுழையத் திறந்து வைத்துவிட்டு, குளிர்நீர்ப் பக்கம் சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கி வடிக்க வேண்டும். ஃபிளேன்ஜைக் கழற்றும்போது மிச்சத் தண்ணீரும் செதில் செதிலாக உப்பும் கொட்டும், வாளியைக் கீழே வையுங்கள். காயிலை ஸ்க்ரூடிரைவரால் கொத்தாதீர்கள், உறையில் கீறல் விழும். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு தானாக இளகி உதிர்ந்துவிடும். மூடும்போது எப்போதும் புதிய காஸ்கெட். பிறகு தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று கலக்காமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பின்பே சுவிட்சைப் போட வேண்டும். வறண்ட டேங்கில் காயில் நெடுநேரம் தாங்காது.

தெர்மோஸ்டாட்டை நான் 60 டிகிரியில் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே போகப் போக உப்பு வேகமாகப் படியும். 20 முதல் 45 டிகிரி வரையில் தண்ணீரை நாள்கணக்கில் தேக்கினால் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருக இடமுண்டு. 60 டிகிரித் தண்ணீர் நேரடியாகப் பட்டால் சில வினாடிகளிலேயே தோல் வெந்துவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குளிர்ந்த நீரை முதலில் திறந்து, பிறகு வெந்நீரைக் கலக்கும் பழக்கம் வேண்டும்.

ஒன்று மட்டும் பொறுக்கக் கூடாதது: குழாயைத் தொட்டால் விரலில் சுரீர் என்றாலோ, ஹீட்டரைப் போட்டதும் மின்கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தாலோ அன்றே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் காயில் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். துண்டிப்பானை விலக்கி நேராக இணைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். காயிலை மாற்றி, எர்த் இணைப்பைச் சோதித்த பிறகுதான் அந்த ஹீட்டரை மறுபடி போட வேண்டும். பிளக் முனைகள் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். 2,000 வாட் என்பது 8.7 ஆம்பியர், தளர்ந்த சாக்கெட் அதைத் தாங்காமல் உருகும்.

டேங்க் போய்விட்டது என்றே தெரிந்து புதிது வாங்குவதானால், அழகான வெளிமூடியைப் பார்ப்பதற்கு முன், ஆனோட் ராடை எளிதில் கழற்ற முடிகிறதா, அது தனியாக உதிரியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். டேங்குக்கு நீண்ட உத்தரவாதம் எழுதியிருந்தால், அதில் ஆனோட் பராமரிப்பு நிபந்தனை இருக்கிறதா என்று அட்டையைப் புரட்டிப் பாருங்கள். மாட்டும்போது ஹீட்டருக்குக் கீழே காயிலை நேராக உருவி எடுக்கும் அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். என் வீட்டில் அலமாரிக்கு மேலே நெருக்கி மாட்டிவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் முழு ஹீட்டரையும் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய சேஃப்டி வால்வையும் இணைப்புக் குழாய்களையும் புதியதில் மாட்ட விடாதீர்கள்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் எனக்கென்னவோ உப்படைந்த காயிலும் கெட்டிப்பட்ட காஸ்கெட்டும்தான் என்று தோன்றுகிறது. செய்தித்தாள் சோதனையைச் செய்துவிட்டு, சொட்டு எங்கே விழுந்தது, துரு நிறம் இருந்ததா என்று இங்கேயே எழுதுங்கள். மெக்கானிக்கை மறுபடி அழைத்தால் ஃபிளேன்ஜைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, ஆனோட் ராடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.