படத்தை விட்டுவிட்டுப் போங்கள் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 26. படிவம் 4 படிக்கும்போது எனக்கு அனோரெக்சியா வந்தது; சாப்பாட்டை மிகவும் குறைத்து உடம்பு மெலிந்துபோகும் மனநலக் கோளாறு. ஐந்து வருடம் போராடி இப்போது நன்றாக இருக்கிறேன். சிகிச்சை எடுத்த மருத்துவமனையிலிருந்து போன வாரம் போன் வந்தது. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான சேவையை மேம்படுத்தக் கூட்டம் போடுகிறார்களாம். நான் பத்து நிமிடம் என் கதையைச் சொல்ல வேண்டும், நோயாக இருந்தபோது எடுத்த படம் இருந்தால் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அம்மா, "வேண்டாம்மா, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது இதை எடுப்பாங்க" என்கிறார். எனக்கும் தயக்கம்தான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் நிபுணர்கள். நான் ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரியாத எதை நான் சொல்லிவிடப் போகிறேன்? போகலாமா?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

போங்கள். படத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

அந்தப் படம் அறையில் இருப்பவர்களைக் கண்கலங்க வைக்கும். கூடவே, உணவுக் கோளாறு என்றால் ஆள் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்ற தப்பான எண்ணத்தையும் ஏற்றிவிடும். அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டும் புலிமியா உள்ளவர்கள் பலர் பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருப்பார்கள். கட்டுப்பாடில்லாமல் உண்ணும் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதே 2013-ல்தான். நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் எடை கூடியவர்கள். பருமனான ஒரு பெண் பட்டினி கிடந்து மெலிந்தால் கிளினிக்கில் அவளுக்குப் பாராட்டுத்தான் கிடைக்கும். அப்புறம், படம் வெளியே போனால் நோயில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து, "நான் இவ்வளவு மெலியலையே, எனக்கு ஒண்ணுமில்ல" என்று முடிவுகட்டுவார்கள். உங்கள் கடிதத்தில் இருந்த எடைக் கணக்குகளை நான் எடுத்துவிட்டதும் இதனால்தான்.

என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். என் மகளுக்கு இந்த நோய் வந்தபோது அவளுக்கு 16 வயது. அப்போது செந்தூலில் இருந்தோம். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு மாதம் இருமுறை போவோம். எடை பார்க்கும் கருவி நடைபாதையில், காத்திருப்பவர்களின் நாற்காலிகளுக்கு நேர் எதிரே இருந்தது. தாதி எண்ணை உரக்கப் படிப்பார், உள்ளே இன்னொருவர் எழுதிக்கொள்வார். நல்ல பெண்மணி அவர், மகளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். எண் கூடியிருந்தால் சந்தோஷமாகச் சொல்வார், குறைந்திருந்தால் உச்சுக் கொட்டுவார். இரண்டுமே மகளுக்கு அடி.

உணவு ஆலோசகரின் அறையில், மகள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே "சுக்கு-சுக்கு செப்பாரோ" சுவரொட்டி. சுகாதார அமைச்சு எல்லா இடத்திலும் ஒட்டியிருப்பதுதான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதிக்குக் காய்கறியும் பழமும். நீரிழிவுக்காரர்கள் நிறைந்த நம் குடும்பங்களுக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் "இன்னும் கொஞ்சம் சோறு சேர்த்துக்கோம்மா" என்று ஆலோசகர் சொல்லும்போதெல்லாம், அவர் தலைக்கு மேலே இருந்த தட்டு "கால் பங்குதான்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று வருடம் கழித்து, ஈப்போ சாலை நெரிசலில் கார் நின்றபோது அவளாகச் சொன்னாள்.

"அந்தத் தட்டைத்தாம்மா பாத்துக்கிட்டே இருப்பேன். அவங்க பேசுறது காதுலயே விழாது."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டா?"

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சுவரொட்டியைக் கழற்றி வேறு சுவரில் ஒட்டக் காசு தேவையில்லை. நோயாளிக்கு எடையைக் காட்டுவதா மறைப்பதா என்பதில் சிகிச்சையாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நடைபாதையில் எல்லார் காதிலும் விழும்படி படிக்க வேண்டும் என்று யாரும் வாதாட மாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தியைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் இரண்டும் மாறியிருக்கும். க., உங்களிடம் இருப்பது இந்தப் பட்டறிவுதான். எந்த நிபுணரும் படித்து வாங்க முடியாதது.

இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது: நம் வீட்டுப் பேச்சு. 1990களில் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ ஒன்றைக் கவனித்து எழுதினார். அங்கே அனோரெக்சியா வந்தவர்கள் பலர் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைப் பற்றிப் பேசவேயில்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். நோயைக் கண்டறிய மேற்கே எழுதிய இலக்கணமோ அந்தப் பயத்தைத்தான் தேடியது. நம்மிடமும் இந்த நோய் எத்தனை வார்த்தைக்குப் பின்னால் ஒளிகிறது! "பசியாறிட்டியா?" என்றால் "ஆச்சும்மா" என்று ஒரே சொல்லில் கதவு சாத்தப்படும். என் மகள் தைப்பூசத்துக்கு விரதம் என்றபோது வீட்டில் எல்லாரும் பெருமைப்பட்டோம். பூசம் முடிந்தது, அவள் விரதம் முடியவில்லை. பிறகு அவள் தேறி வரும்போது ஓர் உறவினர் பாசமாகச் சொன்ன "இப்பத்தான் நல்லா சதை போட்டிருக்கே" என்ற ஒரு வாக்கியம் எங்களை இரண்டு மாதம் பின்னுக்குத் தள்ளியது. "சாப்பிடுகிறாயா?" என்று கேட்டு "ஆம்" என்று குறித்துக்கொள்ளும் டாக்டருக்கு இதையெல்லாம் வேறு யார் சொல்வார்கள்?

இனி அந்தப் பத்து நிமிடம். ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக எழுதிக்காட்டினார். கீழ்ப்படியில் மக்களை உட்கார வைத்துப் பெயருக்குத் தலையாட்ட வைப்பார்கள். நடுப்படிகளில் கருத்துக் கேட்பார்கள், முடிவை அவர்களே எடுப்பார்கள். மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் உரிமை கைக்கு வரும். கதை சொல்லி, சான்றிதழ் வாங்கி, பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு நீங்கள் வீடு திரும்பிய பிறகு கூட்டம் தொடர்ந்தால் அது எந்தப் படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் போனில் அழைத்தவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "இன்னும் முடிவாகாத விஷயம் எது? அதில் நான் கடைசிவரை இருக்கலாமா?" கூட்டத்துக்கான தாள்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்குக் கடையில் உங்களுக்குச் சம்பளம் போகும், அதையும் பயணச் செலவையும் கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லாருக்கும் அது வேலை நேரம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். தனியாக வேண்டாம், இந்த நோயைப் பார்த்த இன்னும் ஒருவராவது கூட இருக்கட்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது வருகிறது, அவர்களில் ஒருவர் கிடைத்தால் மிக நல்லது.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அது நியாயமானது. பெயர் போடக் கூடாது, முகநூலில் படம் ஏற்றக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஏவெரில் ஹார்ட் என்ற 19 வயது மாணவி 2012-ல் அனோரெக்சியாவால் இறந்தார். அவருடைய தந்தை விடாமல் புகார் செய்தார். நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி 2017-ல் வெளியிட்ட அறிக்கை, அந்த மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றது. ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மாவுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கூட்டத்துக்கு முந்தின நாட்களில் சாப்பாடு தடுமாறினால் போக வேண்டாம். சொல்ல நினைத்ததைக் கடிதமாக அனுப்புங்கள், அதற்கும் மதிப்பு குறையாது. உங்களைப் பார்க்கும் டாக்டரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். மனம் தளர்ந்தால் பேச, சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணும் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் மீகூனும் கறிபாப்பும் வரும், சிலர் கண் உங்கள் தட்டுக்குப் போகும். கூட வருபவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அன்றைக்கு அரைமணி நேரம் முன்னதாகப் போங்கள். முன்பு நீங்கள் காத்திருந்த அதே நாற்காலியில் உட்காருங்கள். எதிர்ச்சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, எடைக்கருவி எங்கே இருக்கிறது, எண்ணை யார் படிக்கிறார், யார் காதில் விழுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பத்து நிமிடத்தை அந்தத் தாளிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா