ஹெர்2 சோதனையில் ‘2+’ என்றால் ஆய்வகம் தவறிவிட்டது என்று பொருளா?

கேள்வி: ஐயா, என் அக்காவின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கின் அறிக்கையில் ‘ஹெர்2: 2+, மரபணுச் சோதனை தேவை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏதோ ஓர் ஆன்டிபாடியைக் கொண்டு சாயம் ஏற்றிப் பார்த்ததாகத் தாதி சொன்னார். உண்டு, இல்லை என்று சொல்ல முடியாத சோதனையை எப்படி நம்புவது?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உங்கள் அக்காவின் அறிக்கையில் பிழை இருப்பதாக நான் கருதவில்லை. நுண்ணோக்கியில் கண்டதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நோயியல் நிபுணர் நேர்மையாகப் பதிவு செய்யும் குறியீடுதான் 2+.

ஹெர்2 என்பது உயிரணுவின் உறையை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம்; வளர்ச்சிக் காரணிகளின் செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இயல்பான மார்பக உயிரணுக்களிலும் அது சிறிதளவு உண்டு. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 15 முதல் 20 வரையானவற்றில், 17-ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பன்மடங்காகப் பெருகுவதால், உறையெங்கும் இந்த ஏற்பி மண்டி, பிரிந்து பெருகுமாறு உயிரணுவை ஓயாமல் தூண்டுகிறது. இத்தகைய கட்டிகளில் நோய் விரைவில் திரும்புவதை 1987-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் காட்டினார்கள். 1998-இல் இந்த ஏற்பியைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அது யாருக்குப் பயன்படும் என்று அறியும் எதிர்ப்பொருள் சோதனையும் உடன் அனுமதி பெற்றது.

ஆன்டிபாடி என்று தாதி சொன்னது இந்த எதிர்ப்பொருளைத்தான்; குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதம் அது. துணுக்கைத் திசு கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மெழுகை நீக்கிச் சூடாக்கிய பிறகு அதன்மேல் எதிர்ப்பொருளை இடுவார்கள். அது ஹெர்2-ஐப் பற்றிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் ஒட்டும் மற்றோர் எதிர்ப்பொருளுடன் பிணைத்த நொதி, ஒரு வேதிப்பொருளைப் பழுப்பு நிறமாக மாற்றும்போதுதான் ஏற்பி இருக்கும் இடம் வெளிப்படுகிறது. பரவலாகப் பயன்படும் 4பி5 என்ற முயல் எதிர்ப்பொருள், ஏற்பியின் உள்முனையைப் பற்றுகிறது. மருந்தான டிராஸ்டுசுமாப்பும் ஓர் எதிர்ப்பொருள்தான்; அதுவோ வெளிமுனையைப் பற்றுகிறது. சோதிக்கும் எதிர்ப்பொருளும் குணமாக்கும் எதிர்ப்பொருளும் ஒரே புரதத்தின் இரு முனைகளில் அமர்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

கட்டி உயிரணுக்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவற்றின் உறை முழுவதையும் அடர்ந்த பழுப்பு நிறம் சூழ்ந்திருந்தால் 3+. அதே அளவு உயிரணுக்களில் வளையம் முழுமையாக இருந்தும் நிறம் மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+. அப்போது மரபணுவையே எண்ணிப் பார்க்கிறார்கள். 17-ஆம் குரோமோசோமின் மையப் பகுதியுடன் ஒப்பிட்ட விகிதம் 2-க்குக் குறையாமலும், ஓர் உயிரணுவுக்குச் சராசரியாக மரபணுப் படிகள் 4-க்குக் குறையாமலும் இருந்தால் அது ஹெர்2 மிகுந்த கட்டியாகும்.

இல்லை என்று வந்தாலும் 2+ வீணாகிவிடாது. ஏற்பி குறைவாக உள்ள, உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டீகான் என்ற மருந்து 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ளது. அது உங்கள் அக்காவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பொருள் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், திசு கெட்டிருந்தால் அதனால் உண்மையைக் காட்ட முடியாது. காலையில் சந்தையில் வாங்கிய மீனைப் பனிக்கட்டி இல்லாமல் நண்பகல் வரை வைத்திருக்க நாம் துணிவதில்லை. வெட்டி எடுத்த திசுவும் அப்படியே. ஒரு மணி நேரத்துக்குள் அது பார்மலினில் இறங்க வேண்டும் என்றும், அங்கே 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும் நெறிமுறை உள்ளது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துணுக்கு திங்கள் காலை வரை தாங்கும். தீபாவளியோ நோன்புப் பெருநாளோ சேர்ந்த நீண்ட விடுமுறையில் அந்த எல்லை தாண்டிவிடக்கூடும். ஆகவே, துணுக்கு பார்மலினில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவன். இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பிக்காக வாங்கிய எதிர்ப்பொருள், புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் தெளிவான பட்டையைத் தருகிறது. உயிருள்ள செல்களை, ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு, அது ஏற்பியின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது என்று முதலில் பாருங்கள். உள்முனையைப் பற்றுவதாக இருந்தால், உயிருள்ள செல்லின் உறையைக் கடந்து அதனால் அங்கே போய்ச்சேர முடியாது. வெளிமுனையைப் பற்றுவதாக இருந்தாலும், வெஸ்டர்ன் பிளாட்டில் வெப்பத்தாலும் சோப்புப் பொருளாலும் விரிந்து கிடக்கும் புரதத்தை மட்டும் அடையாளம் காண்பதாக இருக்கலாம். இயல்பான மடிப்புடன் உள்ள வெளிமுனையைப் பற்றும் ‘528’ என்ற எதிர்ப்பொருள் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்கும்போது புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினைத் தவிர்த்து இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை மட்டும் பயன்படுத்துங்கள், டிரிப்சின் வெளிமுனையை அரித்துவிடக்கூடும். எதிர்ப்பொருள் ஒட்டிய ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படாதிருக்க எல்லாவற்றையும் பனிக்கட்டியின்மேல் செய்யுங்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வகைகளில், இந்த ஏற்பி மிகுந்த ஏ431 செல்களையும், மிகக் குறைந்த எம்.சி.எஃப்.-7 செல்களையும் ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டுக்காக உடன் ஓட்டுங்கள். ஏ431-இலும் ஒன்றும் தெரியாவிட்டால், அப்போது எதிர்ப்பொருளைச் சந்தேகிக்கலாம்.