புங்க மரம்: வாசகர் கேள்வி – பதில்

வாசலில் நிற்கும் புங்கன் மாசி பிறந்ததும் இலையை எல்லாம் கொட்டிவிடுகிறது. பட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. வெட்டிவிடலாமா?
– வாசகி, மணப்பாறை

வெட்டிவிடாதீர்கள். தை கடைசியில் இலை பழுத்து, மாசியில் உதிர்வதுதான் இதன் வழக்கம். நுனிக்குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை. சில வாரங்களில் பளபளவென்று தளிர் வரும். சித்திரை வெயில் ஏறுவதற்குள் நிழல் கட்டிவிடும். வேறு மரங்கள் வாடி நிற்கும்போது நிழல் தருவதால்தான் சாலையோரத்துக்கும் களத்துமேட்டுக்கும் புங்கனைத் தேடி வைத்தார்கள்.

பூவும் புதுக்கிளையின் இலைக்கக்கத்தில்தான் வரும். பங்குனியில் கிளை கழித்தால் அந்த வருஷத்து நிழல், பூ, காய் மூன்றும் போச்சு. கழிப்பதானால் ஆவணி, புரட்டாசியில் செய்யுங்கள். வெட்டும் கிளையில் காய் போகும்தான், ஆனால் ஐப்பசிக் காற்றுக்குக் கிளை முறியாது. உதிர்ந்த பூவைக் குப்பையில் போடாமல் மட்கவைத்துத் தொட்டிச் செடிக்குப் போடலாம். சங்கப் புலவர்கள் மணலில் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிட்டது இந்தப் பூவைத்தான்.

இலை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. என்ன மருந்து அடிப்பது?
– வாசகர், அரூர்

தென்னையில் வருகிற ஈரியோபைட் சிலந்தி (கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) இனத்தைச் சேர்ந்த ஒன்று செய்யும் வேலை. கொப்புளத்துக்குள் இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதற்கு எட்டாது. பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். நாற்றில் மட்டும் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

கூடை கூடையாகக் காய் விழுகிறது. எண்ணெய் ஆட்டிப் பயிருக்கு அடிக்கலாமா? பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பிண்ணாக்கு மாட்டுக்கு வேண்டாம். கரஞ்சின் என்ற கசப்புப் பொருள் அதில் தங்கியிருக்கும். வயலுக்கு நல்ல உரம். எண்ணெயும் சமையலுக்கு ஆகாது, விளக்குக்கும், சொறி சிரங்குக்கு மேல்பூச்சாகவும், பயிருக்குத் தெளிக்கவும்தான்.

காய் பழுத்தாலும் தானாக வெடிக்காது. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கட்டையால் தட்டினால் பருப்பு வரும். பெரும்பாலும் காய்க்கு ஒன்றுதான். செக்கில் 100 கிலோ பருப்புக்கு 20 கிலோ எண்ணெய், கொஞ்சம் முன்பின் கிடைக்கும்.

தெளிக்க 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி எண்ணெய், 50 கிராம் காதி சோப்பு போதும். முதலில் சோப்பை ஒரு லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பால் நிறம் வரும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு மீதித் தண்ணீர். வரிசையை மாற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். டேங்கில் கடைசியாக வருவது வெறும் எண்ணெயாக இருந்து இலையைக் கருக்கிவிடும். உச்சி வெயிலில் அடித்தாலும் அதே கதிதான், மாலையில் அடியுங்கள்.

புங்கன் கிளையை நெல் வயலுக்குத் தழை உரமாகப் போட ஏக்கருக்கு 2½ டன் வேண்டும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே மிதித்துவிடுங்கள். முற்றிய கிளை மட்காது, நடுகிறவர் காலைக் குத்தும். இளங்கிளையாகக் கழியுங்கள்.

மதிலிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும்?
– வாசகி, திருவாரூர்

15 அடி. பக்கவேர் தூரம் ஓடும், வேரிலிருந்து கன்றும் கிளம்பும். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வைக்கவே வேண்டாம்.