ஒரே டிரிப், 2 மணி நேர வித்தியாசம்

ஒரே மின்தடத்தின் இரு முனைகளிலும் உள்ள ரிலேக்கள் (பழுதைக் கண்டு தடத்தைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்புக் கருவிகள்) 2 மணி இடைவெளியில் டிரிப், அதாவது தானியங்கித் துண்டிப்பு, காட்டுகின்றன; இரண்டு முறை டிரிப் ஆனதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது டிரிப் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் முனை ரிலேயில் 14:07, டர்பன் முனையில் 12:07 என்று வந்திருப்பது பெரும்பாலும் ஒரே பழுதுதான். டர்பன் ரிலே யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறது போலிருக்கிறது. தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட 2 மணி முன்னால். கோடைக்கால மாற்றமும் கிடையாது. நிமிடமும் நொடியும் ஒத்துப்போய் மணி மட்டும் விலகினால் முதல் சந்தேகம் இதுதான்.

ஜிபிஎஸ் கடிகாரத்திலிருந்து வரும் ஐரிக்-பி சிக்னல் (ரிலேக்களுக்கு நேரம் சொல்லும் குறியீடு) ஒரு முனையில் உள்ளூர் நேரமாகவும் மறுமுனையில் யூடிசியாகவும் அமைக்கப்பட்டிருக்கலாம். வித்தியாசம் 4 மணி என்றால் கதையே வேறு: ஆஃப்செட்டின் (உள்ளூர் நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டல்-கழித்தல் குறி தலைகீழாகியிருக்கும். பழைய ஐஇஇஇ 1344 தரநிலையும் பின்னால் வந்த சி37.118 தரநிலையும் அந்தக் குறியை எதிரெதிராகக் கொள்கின்றன. நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

உறுதிசெய்ய:

1. இரு முனைகளின் காம்ட்ரேட் கோப்புகளையும் (பழுதின்போது ரிலே பதிந்த அலைவடிவங்கள்) ஒரே திரையில் திறந்து, ஒன்றை 2 மணி நகர்த்துங்கள்.
2. மின்னோட்டம் எகிறும் புள்ளி இரண்டிலும் ஓரிரு மில்லிநொடிக்குள் பொருந்த வேண்டும். 20 மில்லிநொடி, அதாவது 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று, தள்ளி நின்றால் நேர ஒத்திசைவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடிகார அமைப்பைத் தொடும் முன் எல்லாப் பதிவுகளையும் இறக்கிவிடுங்கள். சில ரிலேக்களில் பதிவு நீள அமைப்பை மாற்றினாலே பழையவை அழிந்துவிடும். கரும்புத் தோட்டம் எரிக்கும் பருவத்தில் டிரிப்கள் வரிசையாக வந்தால் நினைவகம் தானாகவே பழையதை மேலெழுதும்.