கயாலாமியில் முதல் நாள்: என்ஜினைத் தொடாதீர்கள், பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது போலோ 1.0 டிஎஸ்ஐ, மானுவல் கியர். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மச்சான் கயாலாமி ரேஸ் டிராக்கில் ஒரு டிராக் டேக்கு (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) என் பெயரையும் பதிந்துவிட்டார். ரேஸ் டிராக்கில் இதுவரை ஓட்டியதே இல்லை. காரில் என்ன மாற்ற வேண்டும்? அன்றைக்கு எப்படி ஓட்டுவது?

பதில்: உங்கள் காருக்கு இருக்கிற சக்தி முதல் நாளுக்குத் தாராளம். செலவு செய்வதாக இருந்தால் பிரேக்குக்குச் செய்யுங்கள். டிராக்கில் சாதாரணக் காரை முதலில் கைவிடுவது அதுதான்.

160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது உண்டாகும் வெப்பம், ஊருக்குள் 60-இல் வந்து ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது உண்டாவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கயாலாமி 4.522 கிலோமீட்டர், 16 வளைவுகள். ஒரே சுற்றில் இப்படிப் பலமுறை அழுத்த வேண்டியிருக்கும். டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி; ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். டர்பன் ஈரக்காற்றில் இரண்டு வருடம் ஓடிய ஆயிலோடு போகாதீர்கள். போகும் வாரத்திலேயே, மூடி திறக்காத டப்பாவிலிருந்து முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். டாட் 5.1 போட்டாலும் சரி. டாட் 5 என்பது சிலிகான், அது உங்கள் காருக்கு ஆகாது. முன் பேட்களில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடுகளில்) தேய்மானப் பொருள் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் புதிது போட்டு, சாதாரணச் சாலையில் சில நூறு கிலோமீட்டர் பழக்கிய பிறகே கொண்டுபோங்கள்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிவிட்டது: பெடலை வேகமாக இரண்டு மூன்று தடவை மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், அந்தச் சுற்றிலேயே பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்துக்குள்) வந்துவிடுங்கள். பெடல் கெட்டியாகவே இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் சூடேறிவிட்டது. இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். முதல் வகைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறிய பிறகு பெடல் சரியானதுபோல் தோன்றினாலும், ஆயிலை மாற்றாமல் மறுபடி டிராக்குக்குள் இறங்கக்கூடாது.

டயர் விஷயத்தில் டர்பன்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கயாலாமி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால், வீட்டில் 2.2 பார் அடித்த டயர் அதே வெப்பநிலையில் அங்கே சுமார் 2.35 காட்டும். ஆகவே காலையில் டிராக்கில், டயர் குளிர்ந்திருக்கும்போது, காரில் ஒட்டியிருக்கும் டயர் அழுத்த ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஐந்தாறு சுற்றில் 0.3 முதல் 0.5 பார் வரை ஏறும். வந்தவுடன் அளந்து, 2.4 அளவுக்கு இறக்குங்கள். சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். முதல் செஷன் (ஒரு முறை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம்) முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை பாருங்கள்.

பெட்ரோல் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு குடிக்கும். அங்கே பங்க்கில் ஆக்டேன் 93-ஆ 95-ஆ என்று கேட்பார்கள். 95 என்று சொல்லுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கவேண்டாம். டிரைவர் பக்கத்துத் தரைவிரிப்பு, ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கார் இன்சூரன்ஸ் டிராக்கில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. உங்கள் பாலிசி என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீட்டில் முதுகும் தோளும் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும்.

ஓட்டும் முறை ஒரே வரியில்: நேராக இருக்கும்போதே பிரேக், பிறகு திருப்பம், வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டர். பிரேக்கை முதலில் பலமாகவும் பிறகு படிப்படியாகத் தளர்த்தியும் அழுத்துங்கள்; புதியவர்கள் பயந்து பயந்து நீளமாக அழுத்திப் பேட்டை வேகவைத்துவிடுகிறார்கள். வளைவுக்குள் முன்சக்கரம் வழுக்கி வெளியே தள்ளினால் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரில் இருக்கும் காலைச் சற்றே தளர்த்தி, திருப்பத்தையும் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு வரும். நடுவளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுவதுதான் பெரிய ஆபத்து: எடை முன்னே பாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகி, வால்பக்கம் சுற்றிவிடும். கயாலாமியின் மைன்ஷாஃப்ட் என்ற செங்குத்தான இறக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு சக்கரம் தார்விளிம்பைத் தாண்டினால் இழுத்துத் திருப்பாமல், நேராகவே விட்டு வேகம் குறைந்த பிறகு உள்ளே வாருங்கள். ஈஎஸ்சி (கார் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) நாள் முழுக்க ஆனிலேயே இருக்கட்டும்.

மஞ்சள் கொடி என்றால் வேகம் குறைக்க வேண்டும், முந்தக்கூடாது. சிவப்பு என்றால் மெதுவாகப் பிட்டுக்கு. நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது. காலைக் கூட்டத்தில் சொல்லும் முந்தும் விதிகளைக் கவனமாகக் கேளுங்கள்.

முதல் செஷனை உங்களால் முடிந்ததில் எழுபது சதவீதத்தில் ஓட்டுங்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் காற்றில் ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். டர்போ ஆற ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆஃப் செய்து, கியரில் போட்டு சக்கரத்துக்கு அடை கொடுங்கள்.

வீடு திரும்பும் வழியில் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயும் டவுன் ஹில் இறக்கமும் இருக்கின்றன, லாரிகளோடு. கிளம்பும் முன் பேட் தடிமன், என்ஜின் ஆயில், போல்ட் மூன்றையும் பாருங்கள். குறைத்த டயர் காற்றை, டயர் ஆறியபின் ஸ்டிக்கர் அளவுக்குத் திரும்ப அடியுங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தாலோ பெடல் ஒருமுறையாவது இறங்கியிருந்தாலோ, ஜோஹன்னஸ்பர்க்கிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க டிராக்கில் ஓட்டிய களைப்பு உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அன்றிரவு மச்சான் வீட்டில் தங்கி மறுநாள் காலையில் புறப்படுங்கள்.