வைக்கோலும் கோரையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு வருட அனிமேஷன் படிப்பு, இது கடைசி மாதம். புராஜெக்டுக்கு மற்றவர்கள் பந்து துள்ளுவது, கார் ஓடுவது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி, அவர் கடைக்கு 75 விநாடி விளம்பரப் படம் செய்து தர ஒத்துக்கொண்டேன். 8000 ரூபாய் பேச்சு. 3000 முன்பணம் வாங்கியாயிற்று. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் செய்கிறேன், 52 விநாடி வரை அசைவு முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை காட்டும்போதும் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். போன வாரம், 'இது கோரை மாதிரி இல்ல, வைக்கோல் மாதிரி இருக்கு. கையும் பாய் நெய்யுற கை மாதிரி இல்ல' என்றார். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. எங்கள் சார், 'மார்க்குக்கு இது போதும், அப்படியே குடுத்துரு' என்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளட்டுமா? படிக்கும்போதே வெளிவேலை எடுத்தது தப்பா? ஒருவேளை முடித்தால், படத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

நிறுத்த வேண்டாம். முடித்துக் கொடுங்கள். வெளிவேலை எடுத்ததில் தப்பே இல்லை. உங்கள் வகுப்பில் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்றுதான் சொல்வேன்.

நான் கதை எழுத வருவதற்கு முன்னால் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இன்பிட்வீன் வரைபவனாக இருந்தேன். லைட் பாக்ஸில் இரண்டு தாளை வைத்து, நடுவில் வரவேண்டிய படத்தை மூன்றாவது தாளில் வரைகிற வேலை. அந்த நாளில் திருநெல்வேலி டவுனில் ஒரு கடைக்காரர் என்னை நம்பி ஒரு நிமிடப் படம் கேட்டார். முக்கால்வாசி வரைந்தேன். பிறகு திருத்தம், சலிப்பு, வேறு வேலை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதனால் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடை இருக்கிற ரத வீதிப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். பல வருஷம் அப்படிப் போயிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் 'முன்பணத்தைத் திருப்பி' என்ற இடத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நேரக் கணக்கு. விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம், என்றால் 75 விநாடிக்கு 1800. உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது முழுப் படமாகக் கணக்கிட்டு வெளியே வர, 6 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 10800 நிமிடம், அதாவது 180 மணி நேரம், ஏழரை நாள். இருப்பதோ 12 நாள். அசைவே இன்னும் 23 விநாடி பாக்கி. நடக்காது. கடைக்காரரிடம் போய் 60 விநாடி என்று பேசுங்கள். அசைவு 8 விநாடிதான் மிச்சம் இருக்கும், இரவு பகலாக ஓடினால் ரெண்டர் 6 நாளில் வந்துவிடும். விளம்பரத்துக்கு 60 விநாடியே நீளம்தான். அவர் சங்கடப்பட மாட்டார், முன்கூட்டியே சொன்னால்.

முடிந்த ஷாட்டுகளை இன்று ராத்திரியே ரெண்டரில் போட்டுவிடுங்கள். தூங்கும் நேரத்தில் 10 மணி நேரம் ஓடினால் 100 ஃபிரேம் வரும். வீடியோ கோப்பாகப் போடாதீர்கள், பிஎன்ஜி படங்களாகப் போடுங்கள். நடுராத்திரி கரண்ட் போனால் வீடியோ கோப்பு திறக்காமலே போய்விடலாம். படங்களாக இருந்தால் 63 வரை வந்தது 63 வரை இருக்கும், காலையில் 64இலிருந்து தொடரலாம். பிளெண்டரின் மெதுவான ரெண்டர் முறையான சைக்கிள்ஸில் ரொம்ப நேரம் எடுக்கிற ஷாட் எதுவோ, அதை வேகமான முறையான ஈவியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தூரத்துக் காட்சிகளில் வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவாகத் தெரியாது. அங்கே மிச்சமாகும் நேரத்தை, பாய் கிட்டத்தில் தெரிகிற ஷாட்டுக்குக் கொடுங்கள்.

அப்புறம் அந்தத் திருத்தம். கடைக்காரர் தொந்தரவு செய்கிறார் என்ற தொனி உங்கள் கடிதத்தில் லேசாக இருக்கிறது. அவர் சொன்ன இரண்டும் எனக்கு மிக நல்ல குறிப்புகளாகப் படுகின்றன. வைக்கோல் மங்கலாக, கணுவோடு, வளைந்து நெளிந்து இருக்கும். பத்தமடைக் கோரை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி, கத்தியால் மெல்லிசாகக் கீறப்பட்டு வருவது. நேராக இருக்கும், வழவழப்பாக இருக்கும், வெயில் பட்டால் ஓரத்தில் ஒரு மினுக்கம் ஓடும். உங்கள் மெட்டீரியலில் ரஃப்னஸ் (சொரசொரப்பு) அளவைக் குறைத்து, இழைகளின் வளைவை எடுத்துவிட்டாலே பாதி சரியாகிவிடும். நெசவைக் கிட்டத்தில் காட்டும்போது கோரை குறுக்கே போகும், பாவு நூல் நெடுக்கே போகும். இது மாறியிருந்தால் ஊரில் சின்னப்பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

கைக்கு ஒரே வழிதான். பஸ் ஏறிப் பத்தமடைக்குப் போய், நெய்கிற அம்மா ஒருவரிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு நிமிடம் போனில் எடுங்கள். நான் ஒரு தடவை அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீளக் குச்சியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் விடும்போது கை அவசரப்படுவதே இல்லை, அதற்கு வழி தெரியும் என்பது மாதிரி போகிறது. அடுத்து அச்சை, அதாவது கோரையை நெருக்கி அடிக்கிற சட்டத்தை, இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்து அடிக்கும்போது தோள் முதலில் பின்னால் போகிறது, கை அதற்குப் பிறகுதான் வருகிறது. அடி விழுந்ததும் விரல் ஒன்று கோரையின் ஓரத்தைத் தடவிச் சரிபார்க்கிறது. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத் துண்டில் தோள் அசையவே இல்லை, கை மட்டும் ஒரே வேகத்தில் போய்ப் போய் வருகிறது. அதைத்தான் அவர் 'நெய்யுற கை மாதிரி இல்ல' என்றார். இன்பிட்வீன் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதுதான்: எல்லா இடைப்படமும் சம தூரத்தில் இருந்தால் உயிர் வராது. மெதுவாகப் போகிற இடத்தில் படங்கள் நெருங்க வேண்டும், வேகத்தில் விலக வேண்டும். எடுத்த வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, அடி எத்தனை ஃபிரேமில் விழுகிறது என்று எண்ணுங்கள். போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். அங்கே 15 என்றால் உங்கள் டைம்லைனில் 12. அந்த அம்மாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

இந்த இரண்டோடு திருத்தங்களை நிறுத்திக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு தாளில் இரண்டையும் எழுதி, கீழே '60 விநாடி, இன்ன தேதி' என்று போட்டு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கதைப்பலகை (ஷாட் ஷாட்டாகப் போடும் படத் திட்டம்) வரைந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை இது. அடுத்த படத்துக்கு நினைவில் இருக்கட்டும்.

பாட்டு எதையும் நெட்டிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். காசு வாங்கிச் செய்கிற விளம்பரம், உரிமைக்காரர் கேட்டால் கடைக்காரரும் நீங்களும் மாட்டிக்கொள்ளலாம். அச்சு அடிக்கிற சத்தத்தையே போனில் பதிவு செய்து அடியில் ஓடவிடலாம். முடிந்த படத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும், கோரை மறுபடியும் வைக்கோலாகிவிடும். பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுங்கள்.

உங்கள் சார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மார்க் முக்கியம். அதனால் இப்போது கையில் உள்ளதை நகல் எடுத்து, நிலையத்துக்குச் சமர்ப்பிக்கத் தனியாக வைத்துவிடுங்கள். பயம் போய்விடும், மீதி வேலை ஓடும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெயரைத் தாராளமாகப் போடலாம், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. முடிவில் 3 விநாடி ஒதுக்குங்கள், 72 ஃபிரேம். வெறும் எழுத்துதானே, சீக்கிரம் ரெண்டர் ஆகிவிடும். தமிழிலேயே போடுங்கள். நீங்கள் படம் பிடித்த அந்த அம்மா சம்மதித்தால், 'நெய்த கை' என்று அவர் பெயரை மேலேயும் உங்கள் பெயரைக் கீழேயும் போடுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி
பாளையங்கோட்டை