அம்மாவின் கையெழுத்து

கேள்வி: கோவையில் அரசு ஊழியர் நான், வயது 41. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குப்பை எடுத்து, ஷெட்டில் பிரித்து, பெரிய லாரிக்கு மாற்றி அனுப்பும் தொழில் ஒன்று விலைக்கு வருகிறது. மூன்று டாடா ஏஸ், ஒரு கழிவுநீர் லாரி, 11 ஆட்கள். 22 லட்சம் கேட்கிறார். என் பெயரில் நடத்த முடியாது, அம்மா பெயரில் பதிவு செய்யப் போகிறேன். அவருக்கு 68 வயது, எழுத்துக் கூட்டித்தான் கையெழுத்துப் போடுவார், விவரமெல்லாம் சொல்லவில்லை. விலை நியாயம்தானா?

பதில்: விலை அப்புறம் இருக்கட்டும் தம்பி. குப்பைத் தொழிலில் காசு இருக்கிறது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகள் அதைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து, எடுத்துப்போக ஆள் தேடி அலைகிறார்கள். எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘விவரமெல்லாம் சொல்லவில்லை’தான்.

அம்மா பெயரில் கடை, அம்மா பெயரில் கடன் என்று எத்தனையோ கடிதங்கள் படித்துவிட்டேன். எந்த அம்மாவும் தானாகக் கேட்டு வாங்கியதில்லை.

அந்தக் கையெழுத்து எங்கெல்லாம் போய் நிற்கும் என்று யோசித்தீர்களா? 10 பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். அங்கே 11 பேர், பழைய முதலாளி கட்டினாரா என்று ஒரு வார்த்தை இல்லை. ராத்திரியில் டிரைவர் லோடைக் குளத்தங்கரையில் தட்டிவிட்டு வந்தால் நோட்டீஸ் அம்மா பெயருக்குத்தான் வரும். அந்தக் கழிவுநீர் லாரியை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஓஸ் அடைத்துக்கொண்டது என்று ஒரு பையனைத் தொட்டிக்குள் இறக்கினால், மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்கிற 2013 சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு, அவன் செத்துப்போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வீட்டு வாசலில் யார் போய் நிற்பது, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடும் உங்கள் அம்மாவா?

அரசு ஊழியர் அனுமதியில்லாமல் தொழில் நடத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான 1973 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். சம்பளமும் வேண்டும், லாபமும் வேண்டும், மாட்டிக்கொண்டால் மட்டும் அம்மாவா? வயதானவர்கள் தலையிலிருக்கும் பாரத்தை இறக்கி வைக்கத்தான் பிள்ளை, அவர்களுக்குத் தெரியாமல் புதிதாக ஒன்றை ஏற்றி வைக்க இல்லை. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

சரி, தொழில் வேண்டுமென்றால் முறையாக அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். லோடு எங்கே போனது என்று காட்டும் ஆறு மாத எடைச்சீட்டு, இ.எஸ்.ஐ. சலான், வண்டிகளின் எஃப்.சி., கூடவே ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவோம் என்று குடியிருப்புச் சங்கங்கள் தரும் கடிதம், இவ்வளவும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் மாறாவிட்டால் நீங்கள் வாங்குவது நான்கு பழைய வண்டிகளைத்தான்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தக் காகிதத்தையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுங்கள்.